கேள்வி பதில்: முக்காடு யார் எடுக்க வேண்டிய முடிவு?

சென்ற இதழில் ஈரான் பெண்களின் போராட்டத்தை ஆதரித்து எழுதியிருந்தேன். அதே பதிலில், ஹிஜாப் அணிந்த மாணவியை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் தவறு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கோபமாகவும் அன்பாகவும் குழப்பமாகவும் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த வாரம் முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

கேள்வி: புர்கா பெண்ணடிமைத்தனத்தின் அடையாளம் என்று நேராகச் சொல்ல உங்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? மற்ற மதங்களின் பிற்போக்குத்தனத்தைக் கிழித்து எழுதுகிறவர், இங்கே மட்டும் சுற்றி வளைக்கிறீர்கள்.

தயக்கமே இல்லை. மிரட்டியோ அடித்தோ சிறையில் போட்டோ ஒரு பெண்ணின் தலையை மூட வைப்பது அடிமைத்தனம்தான். 2022 மே மாதம் ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள், பெண்கள் பொது இடத்தில் முகத்தை மூடியாக வேண்டும் என்று ஆணை போட்டார்கள். மீறினால் தண்டனை யாருக்கு என்று பாருங்கள், அவளுடைய அப்பாவுக்கோ அண்ணனுக்கோ கணவனுக்கோ. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கிற ஒரு ஆளாகக்கூட அவளைக் கணக்கில் எடுக்கவில்லை. இதை அடிமைத்தனம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் நீங்கள் என்னிடம் கேட்பது இது இல்லை. துணியையே அடிமைத்தனம் என்று அறிவிக்கச் சொல்கிறீர்கள். அங்கேதான் எனக்கு வரலாறு குறுக்கே வருகிறது.

ஈரானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936 ஜனவரியில் மன்னர் ரெசா ஷா, பெண்கள் தலையோடு உடம்பையும் போர்த்திக்கொள்ளும் சாதர் என்ற துணியை அணிவதைத் தடை செய்தார். தெருவில் போகிற பெண்களின் தலையிலிருந்து போலீஸ்காரர்கள் துணியை இழுத்துக் கிழித்தார்கள். அதற்குப் பயந்து எத்தனையோ பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். பெண்ணை வெளியே கொண்டுவருகிறோம் என்று போட்ட சட்டம் அவர்களை உள்ளே தள்ளியது. பிறகு மன்னராட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, அதுவரை முக்காடே போடாத படித்த பெண்கள் பலர் எதிர்ப்பைக் காட்டுவதற்காகவே தலையை மூடிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். புரட்சி ஜெயித்தது. அடுத்த சில வாரங்களிலேயே, அரசு அலுவலகத்துக்கு வரும் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று புரட்சியின் தலைவர் கொமேனி சொன்னார். 1979 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, டெஹ்ரானில் ஆயிரக்கணக்கான பெண்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். 1983இல் அது சட்டமாகி, மீறினால் 74 சவுக்கடி என்று ஆனது. 2022 செப்டம்பரில், முக்காடு சரியில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட மாசா அமினி என்ற 22 வயதுப் பெண் காவலில் இருந்து உயிரோடு திரும்பவில்லை. அதன் பிறகு நடந்ததைத்தான் உலகமே பார்த்தது: முக்காட்டை நெருப்பில் போட்டார்கள், கூந்தலை அறுத்தார்கள், ‘பெண், வாழ்க்கை, சுதந்திரம்’ என்று முழங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் ஹிஜாப் அணிந்த பெண்களும் நின்றார்கள் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

பாட்டியின் தலையிலிருந்து போலீஸ் துணியைப் பிடுங்கியது, பேத்தியின் தலையில் அதே போலீஸ் துணியைப் போட்டது. துணிதான் அடிமைத்தனம் என்றால் அந்தப் பாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? முன்பு துருக்கியில் முக்காடு போட்டால் பல்கலைக்கழகத்துக்குள் விட மாட்டார்கள் என்பதால், முக்காட்டின் மேல் விக் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போன மாணவிகளுக்கு என்ன சொல்வேன்? 1999இல் தேர்தலில் ஜெயித்து அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குள் முக்காட்டோடு வந்த மெர்வே கவாக்ஜியை, மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டுப் பதவியேற்க விடாமலே விரட்டினார்கள், பிறகு அவருடைய குடியுரிமையையும் பறித்தார்கள். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரு பெண்ணை வெளியே தள்ளியதைப் பெண் விடுதலைக் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. முகத்தை மூடச் சொல்லிக் குர்ஆனில் இருக்கிறதா, இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வ அலைக்குமுஸ்ஸலாம் தங்கை. நான் மார்க்க அறிஞர் இல்லை, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது 24ஆம் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தை. பெண்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவும், கற்பைக் காத்துக்கொள்ளவும், தலைத்துணியை மார்பின் மேல் போட்டுக்கொள்ளவும் அது சொல்கிறது. அதற்கு முந்தைய 30ஆம் வசனம் ஆண்களைப் பார்த்து, உங்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள் என்கிறது. வரிசையில் முதலில் வருவது ஆண்களுக்கான கட்டளை. பெண்களின் உடை பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் அந்த 30ஐ எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று நீங்களே கவனித்துப் பாருங்கள். அடுத்து 33ஆம் அத்தியாயத்தின் 59ஆம் வசனம், மேலாடையைத் தங்கள் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறது. அவர்கள் அடையாளம் காணப்பட்டுத் தொல்லைக்கு ஆளாகாமல் இருக்க அது ஏற்றது என்று காரணமும் அங்கேயே இருக்கிறது. திரைக்கு அப்பால் இருந்து கேளுங்கள் என்று வரும் அதே அத்தியாயத்தின் 53ஆம் வசனம், நபியின் மனைவியரைப் பற்றியது.

முகமும் கையும் தெரியலாம் என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. முகத்தையும் மூட வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஹஜ் பயணத்தில் இஹ்ராம் என்ற புனித நிலையில் இருக்கும் பெண், முகத்தை மூடும் நிகாப் அணியக் கூடாது என்று ஹதீஸே, அதாவது நபிமொழியே இருக்கிறது.

இன்னொன்று. தலையை மூடுவது இஸ்லாம் தொடங்கி வைத்த வழக்கம் இல்லை. இன்றைய ஈராக் பகுதியில் வாழ்ந்த அசீரியர்களின் சட்டம், இன்றைக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது, மணமான பெண் தலையை மூட வேண்டும் என்றது. விலைமாதரும் அடிமைப் பெண்களும் மூடக் கூடாது, மூடினால் கொடிய தண்டனை. அதாவது எந்தப் பெண்ணை ஆண்கள் மதிக்க வேண்டும், எவளை மதிக்க வேண்டாம் என்று தெருவிலேயே பிரித்துக் காட்டுவதற்கான ஏற்பாடு அது. மொராக்கோவின் பாத்திமா மெர்னிஸி, எகிப்தில் பிறந்த லைலா அஹ்மத் போன்ற முஸ்லிம் பெண் ஆய்வாளர்கள் இந்தப் பின்னணியையும் வசனங்கள் இறங்கிய காலத்தின் சூழலையும் சேர்த்துப் படித்தார்கள். நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும், படித்து, யோசித்து, நீங்களே வந்த முடிவாக இருக்கட்டும்.

கேள்வி: “என் சொந்த விருப்பத்தில்தான் அணிகிறேன்” என்று பல பெண்கள் சொல்கிறார்கள். ஐந்து வயதிலிருந்து பழக்கிவிட்டால் அப்புறம் விருப்பம் என்பதற்கு என்ன அர்த்தம்?

நல்ல கேள்வி. பெண்ணியவாதிகளுக்குள்ளேயே இன்னும் தீராத சண்டையும் இதுதான்.

எதற்காக அணிகிறார்கள் என்று கேட்டால் ஒரே பதில் வராது. இறைவனுக்குக் கீழ்ப்படிகிறேன் என்பவர் இருக்கிறார். உம்மா அணிந்தார், நானும் அணிகிறேன், அதற்குமேல் யோசித்ததில்லை என்பவர் இருக்கிறார். இது இருந்தால்தான் வீட்டில் வேலைக்கு அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டு அணிபவர், வெறுப்பு அதிகமாகிற ஊரில் நான் யாரென்று மறைக்க மாட்டேன் என்று வீம்பாக அணிபவர், தெருவில் ஆண்கள் முறைப்பது குறைகிறது என்பதால் அணிபவர், பயத்தில் அணிபவர் என்று பல பேர். ஒரே பெண்ணுக்கு இருபது வயதில் ஒரு காரணமும் நாற்பதில் வேறொரு காரணமும் இருக்கும். தெருவில் பார்க்கிற நமக்கு எல்லாமே ஒரே கறுப்புத் துணியாகத் தெரிகிறது.

சபா மஹ்மூத் என்ற பாகிஸ்தானிய மானுடவியலாளர் தொண்ணூறுகளில் கெய்ரோ மசூதிகளில் கூடி மார்க்கம் படித்த பெண்களோடு பழகி ஆய்வு செய்தார். அந்தப் பெண்கள் மனதில் ஏற்கெனவே இருக்கிற பக்தியை வெளியே காட்டுவதற்காக முக்காடு போடவில்லை, போட்டுப் பழகுவதன் வழியாகத்தான் பக்தியை வளர்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். எதிர்த்தால்தான் சுதந்திரம், பணிந்தால் அடிமை என்ற அளவுகோல் அவர்களைப் புரிந்துகொள்ள உதவாது என்பது அவர் வாதம். இதைப் படித்தபோது, இந்தப் பெண்களைப் பற்றி அவர்களிடம் கேட்காமலே எவ்வளவு பேசியிருக்கிறோம் என்று தோன்றும்.

மறுபக்கம் அல்ஜீரியாவில் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த சமூகவியலாளர் மார்னியா லஸ்ரெக். அடக்கம், பாதுகாப்பு, அடையாளம் என்று சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதுவும் நிற்காது என்று முஸ்லிம் பெண்களை நோக்கியே எழுதினார். எகிப்திய அமெரிக்கப் பத்திரிகையாளர் மோனா எல்தஹாவி இன்னும் ஒரு படி மேலே போய், நிகாபைத் தடை செய்வதையே ஆதரித்தார்; தடை என்ற இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஆனால் முகமே இல்லாமல் போகிற பெண்ணைப் பற்றி அவருக்கு இருக்கும் வேதனை நியாயமானது.

சரி, நான் எங்கே நிற்கிறேன்? ஒருத்தியின் மனதுக்குள் புகுந்து இது உண்மையான விருப்பமா, பழக்கிவிட்ட விருப்பமா என்று அளக்க என்னால் முடியாது. அப்படி அளக்கத் தொடங்கினால் என் விருப்பங்களில் பாதி தேறாது, உங்களுடையதும்தான். எல்லோருமே யாரோ வளர்த்து வளர்ந்தவர்கள். அதனால் வேறொன்றைப் பார்க்கிறேன். அதே வீட்டில், அதே தெருவில் வேண்டாம் என்று சொல்கிற பெண்ணுக்கு என்ன நடக்கிறது? அவளைக் கல்லூரியை விட்டு நிறுத்துகிறார்களா, அடிக்கிறார்களா, அவளுக்கு வரன் வராது என்று பயமுறுத்துகிறார்களா, அவளுடைய போட்டோவைப் போட்டுக் கேவலமாக எழுதுகிறார்களா? அப்படியெல்லாம் நடந்தால் அங்கே அணிகிற பெண்ணின் “என் விருப்பம்” என்ற சொல்லுக்கும் முழு மதிப்பு கிடைக்காமல் போகிறது. உண்மையாகவே விரும்பி அணிகிறவள், விரும்பாதவளின் உரிமைக்கு முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது இதனால்தான். அப்படி நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

ஐந்து வயதுக் குழந்தை விஷயத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அடக்கம், ஆண் பார்வை என்ற பேச்சே ஒரு குழந்தையின் உடம்பைச் சுற்றி வரக் கூடாது.

அப்புறம், மூடிய மிட்டாயில் ஈ மொய்க்காது, திறந்த மிட்டாயில் மொய்க்கும் என்று ஒரு படம் சுற்றுகிறதே, தயவுசெய்து அதை யாரும் யாருக்கும் அனுப்பாதீர்கள். பெண்ணைத் தின்பண்டமாகவும் ஆணைப் பூச்சியாகவும் காட்டுகிற அதில் எந்த மார்க்கமும் இல்லை. முழுக்க மூடிய பெண்களும் சீண்டப்படுகிறார்கள், ஏனென்றால் சீண்டலுக்குக் காரணம் சீண்டுகிறவன்.

கேள்வி: இதையெல்லாம் பேச வேண்டியது முஸ்லிம் பெண்கள். அவர்கள் ஏன் வாயே திறப்பதில்லை?

நூறு வருடத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வங்காளத்தின் பேகம் ரொக்கேயா 1905இல் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையில், ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருப்பார்கள், பெண்கள் அறிவியலைக் கொண்டு நாட்டை ஆள்வார்கள். அந்தக் கதையை முதலில் வெளியிட்டது சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்கள் இதழ். 1911இல் அவர் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி, வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைக் கெஞ்சி மாணவிகளைச் சேர்த்தார். பிற்காலத்தில், பெண்களை அடைத்து வைக்கும் வழக்கத்தால் நடந்த கொடுமைகளைத் தொகுத்து எழுதினார். அதில் ஒன்று, ரயில் நிலையத்தில் புர்கா சிக்கித் தண்டவாளத்தில் விழுந்த பெண்ணைப் பற்றியது. அந்நிய ஆண் தொடக் கூடாது என்று தூக்க விடாமல் தடுத்ததில் அவர் ரயிலில் அடிபட்டு இறந்துபோகிறார். இப்படி எழுதிய ரொக்கேயா, தானே புர்கா அணிந்தவர். அடக்கமான உடை முன்னேற்றத்துக்குத் தடை இல்லை, அடைத்து வைப்பதுதான் தடை என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

1923இல் ரோமில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குப் போய்த் திரும்பிய ஹுதா ஷாராவி, கெய்ரோ ரயில் நிலையத்தில் கூட்டத்துக்கு முன்னால் முகத்திரையை எடுத்தார். அதே ஆண்டு எகிப்தியப் பெண்ணியச் சங்கத்தையும் தொடங்கினார். இன்றைய ஈரானின் மனித உரிமைப் போராளி நர்கிஸ் முகம்மதி சிறையில் இருந்தபோதுதான் 2023இன் அமைதி நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இவர்கள் குரல் நம் காதில் விழாமல் போவதற்கு ஒரு காரணம், இடையில் நின்று சத்தமாகப் பேசுகிற மற்றவர்கள். எகிப்தை ஆண்ட பிரிட்டிஷ் அதிகாரி குரோமர், முகத்திரைதான் அந்த நாட்டைப் பின்னுக்கு இழுக்கிறது என்றவர், ஊருக்குத் திரும்பியதும் இங்கிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை தரக் கூடாது என்ற ஆண்கள் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1958 மே மாதம் அல்ஜியர்ஸில், பிரெஞ்சு ஆட்சிக்கு ஆதரவு காட்டும் கூட்டத்தில் அல்ஜீரியப் பெண்களை மேடையேற்றித் திரையை எடுக்க வைத்தார்கள். அதற்குப் பதிலாக, எப்போதோ அதை விட்டுவிட்ட பெண்கள்கூடத் திரும்ப அணியத் தொடங்கினார்கள். 2001 நவம்பரில் ஆப்கானிஸ்தான் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, பயங்கரவாதத்துக்கு எதிரான இந்தப் போர் பெண்களின் உரிமைக்கான போரும்தான் என்று அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசினார். தாலிபான்களின் பொது மரண தண்டனையைப் புர்காவுக்குள் கேமராவை ஒளித்து வைத்துப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டிய ஆப்கன் பெண்கள் புரட்சிகரச் சங்கம், அந்தக் குண்டுவீச்சையும் எதிர்த்தது. அதை எத்தனை பேர் கேட்டார்கள்?

முஸ்லிம்களை வெறுப்பதற்கு ஒரு காரணமாகப் புர்காவைப் பயன்படுத்துகிறவரிடம் நான் பேச விரும்புவதில்லை. அந்தப் பெண்ணின் படிப்பு, சம்பளம், சொத்துரிமை, விவாகரத்து, பாதுகாப்பு எதிலும் அக்கறை இல்லாமல் தலைத்துணி மேல் மட்டும் அக்கறை வருகிறது என்றால் அது அவளுக்காக வருவது இல்லை.

கேள்வி: சீருடை என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே? கர்நாடகாவில் அரசு செய்தது சரிதான் என்பது என் கருத்து.

சீருடை எனக்கும் பிடிக்கும். ஏழை பணக்காரன் வித்தியாசம் உடையில் தெரியக் கூடாது என்ற நோக்கம் நல்லது. ஆனால் அந்த நோக்கத்தைத் தலைத்துணி எப்படிக் கெடுக்கிறது?

2021 கடைசியில் உடுப்பி அரசு மகளிர் பி.யு. கல்லூரியில் (நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) ஹிஜாப் அணிந்த மாணவிகளை வகுப்புக்குள் விடாததில் தொடங்கியது அது. அப்புறம் காவித் துண்டு போட்ட மாணவர்கள் எதிர் அணியாக வந்தார்கள், 2022 பிப்ரவரி 5 அன்று, வகுத்த சீருடையைத்தான் அணிய வேண்டும் என்று அரசாணை வந்தது, மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத மத வழக்கம் இல்லை என்று சொல்லி ஆணையை ஏற்றது. சீருடையின் நிறத்திலேயே துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்கிறோம் என்று மாணவிகள் தரப்பு கேட்டுப் பார்த்தது. உச்ச நீதிமன்றத்தில் அக்டோபர் 13 அன்று இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு துலியா, இது அந்தப் பெண்ணின் தேர்வு, அவளுடைய படிப்புதான் முக்கியம் என்ற பக்கம் நின்றார். நான் துலியா பக்கம்.

இறைவன் கட்டளையிட்டாரா இல்லையா என்று நீதிமன்றம் ஆராய்ந்திருக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு மாணவி தலையில் துணியோடு உட்கார்ந்தால் பக்கத்து மாணவியின் படிப்புக்கு என்ன கெடுதல் என்று கேட்டிருந்தால் போதும்.

பள்ளியில் அனுமதித்தால் வீட்டில் கட்டாயப்படுத்துவது கூடும் என்று ஒரு பெண்ணிய வாதம் இருக்கிறது. பிரான்ஸ் 2004இல் அரசுப் பள்ளிகளில் தடை கொண்டுவந்தபோது, அணிய மறுத்த பெண்கள் சொந்தப் பகுதிப் பையன்களாலேயே தொல்லைப்படுத்தப்பட்டதைச் சொல்லி அதை ஆதரித்தவர்களில் முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். இந்தக் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் கட்டாயப்படுத்தும் வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வர இருக்கிற வழியே அந்த வகுப்பறைதான். அதை அடைத்துவிட்டால் அவளுக்கு மிச்சம் இருப்பது அதே வீடு. விளையாட்டிலும் இதைப் பார்த்தோம். 2011இல் ஈரான் பெண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் தலையை மூடிய உடையால் ஆட விடாமல் திருப்பி அனுப்பப்பட்டது. 2014இல் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா விதியை மாற்றியது. நடுவில் போன அந்த வாய்ப்பை யார் திருப்பித் தருவார்கள்?

கேள்வி: நான் முக்காடு போடுவதில்லை. கல்லூரிக்குப் போன என் மகள் திடீரென்று அணியத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பயத்தைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் உம்மாவோடு சண்டை போட்டு நீங்கள் விட்டிருப்பீர்கள், அதனால் மகள் திரும்பிப் போகிறாள் என்று தோன்றும். அவளுக்கு அப்படித் தெரியாமல் இருக்கலாம். துணியை விட்டுவிட்டு மற்றதைக் கவனியுங்கள்: சிரிக்கிறாளா, பழைய தோழிகளோடு பழகுகிறாளா, படிப்பிலும் வேலைக்குப் போவதிலும் ஆர்வம் அப்படியே இருக்கிறதா, யாராவது ஒருவர் சொல்வதை மட்டும் கேட்கிறாளா. இவையெல்லாம் சரியாக இருந்தால் அவள் பாட்டுக்கு விடுங்கள். “நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினாலும் நான் உன் பக்கம்தான்” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். உங்கள் தலை உங்கள் விருப்பம் என்பதை அவளும் மதிக்க வேண்டும், அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: பெயர் போட வேண்டாம் அக்கா. எனக்கு 19 வயது. எனக்கு இதைக் கழற்ற வேண்டும். வாப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார். உம்மாவுக்குத் தெரியும், அழுகிறார்.

உங்கள் கடிதத்தை நிறைய நேரம் கையில் வைத்திருந்தேன் தங்கை. கழற்ற வேண்டும் என்று தோன்றுவது பாவம் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை. அதே நேரம், நாளைக்கே கழற்றிக் காட்டி உங்களை நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. உங்களை ஒரு கொடியாகத் தூக்கிப் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பக்கமும் வருவார்கள். யாருக்காகவும் அவசரப்படாதீர்கள்.

இப்போதைக்குப் படிப்புதான் முதல். பட்டம் கைக்கு வரும்வரை அணிந்துகொண்டு காத்திருக்கலாம், அது கோழைத்தனம் ஆகாது. சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், நகல்களை நம்பிக்கையான தோழியிடம் கொடுத்து வையுங்கள். முக்காடு இல்லாத போட்டோவை யாருக்கும் அனுப்பாதீர்கள், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும். வாப்பா மதிக்கிற, உங்கள் மேல் பிரியமுள்ள ஒரு பெரியவர், மாமியோ பெரியம்மாவோ ஆசிரியையோ, யாராவது இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள். பேச்சை முக்காட்டில் தொடங்க வேண்டாம், படிப்பை நிறுத்த மாட்டேன் என்ற வாக்குறுதியை வாப்பாவிடம் வாங்குவதில் தொடங்குங்கள். உம்மாவின் அழுகை பெரும்பாலும் உங்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் வருவது, அவரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். அடி, பூட்டி வைப்பது, கட்டாயக் கல்யாணம் என்று போனால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். எனக்கு மறுபடி எழுதுங்கள், வீட்டு முகவரி போடாமல்.